நூல் பிடித்துப் பார்த்தவர்கள்

அத்தியாயம் பதினொன்று

ரப்பர் காலணித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து சயோவிடம் அவள் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை என்று போன வாரம் சொன்னேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா டெட்சுரோ கடுகுக்கீரை ஊறுகாயைச் சோற்றின்மேல் வைத்துக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"கோகாகிட்ட ஒரு சைக்கிள் ஃபிரேம் இருக்கு. பழசுதான். உன் அளவுக்குச் சரியா வரும். இப்ப கொண்டு வர்றான்."

சயோவின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் அப்படியே நின்றன.

"எனக்கா அப்பா?"

"பின்ன எனக்கா?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அம்மா ஹட்சுமிக்கு அதுவே போதுமாக இருந்தது. கணவர் கேட்காமலே அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அந்த ஒரு கரண்டிச் சோற்றை நினைத்து மாலையில் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெட்சுரோ உஷிஜிமா இந்தக் குருமே ஊர் டிராக்கில் சைக்கிள் ஓட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். கெய்ரின் என்கிற சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவர்களில் புள்ளி குறைந்துகொண்டே போகிறவர்களின் பெயரை ஒருநாள் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். இப்போது சலவைக் கடை வேன் ஓட்டுகிறார். ஊரில் இன்னும் எல்லோரும் 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை விட்டால் அவருக்கு வேறு சொத்து கிடையாது.

மகள் சயோ தானும் பந்தயம் ஓட்டப்போகிறேன் என்றபோது அவர் சிரித்தார். குரு இல்லாமல் பந்தயப் பள்ளித் தேர்வுக்குப் போகிறவர்கள் எங்காவது இருக்கலாம், குருமேயில் அதை யாரும் மதிப்பதில்லை. "என்னைச் சேத்துக்குங்க அப்பா" என்று அவள் மண்டியிட்டுக் கேட்டாள். மறு வாரமே அவர் சாக்கே என்கிற அரிசி மது விற்கும் கடைக்காரர் மகனைச் சீடனாகச் சேர்த்துக்கொண்டார்.

சயோ அழுதுகொண்டு உட்காரவில்லை. பெண்கள் பந்தயத்தில் பல வருடமாக ஓட்டுகிற இனாடோமியிடம் போய் நின்றாள். இனாடோமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இரவல் சைக்கிள்ல வராதே. நீயே பாத்து வாங்கி, நீயே பூட்டின சைக்கிள்ல வா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை பாப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

சயோ கைப்பிடியைப் பழைய சாமான் கடைத் தொட்டியில் தேடி எடுத்திருந்தாள். பெடலும் கிராங்கும், பந்தயத்தை விட்ட ஒருவர் சும்மா கொடுத்தது. சீட், அப்பா குப்பையில் போட்டது. சக்கரங்களுக்குப் பசை தடவி டயர் ஒட்டியது அம்மா. பந்தயக்காரன் மனைவிக்கு அது சமையலைப் போல. கோழிக்கறியை மூங்கில் குச்சியில் குத்திச் சுடும் கடைக்கு வேலை செய்கிற கை, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. ஃபிரேம் மட்டும்தான் இல்லை. கையிலிருந்த பணத்துக்கு வந்த ஃபிரேம்கள் எல்லாம் ஓங்குதாங்கான ஆண்களுக்குச் செய்தவை.

அப்பாவின் பழைய பந்தயத் தோழர் கோகா வந்தார்.

வேனின் பின்கதவைத் திறந்து, சாம்பல் நிறப் போர்வையில் சுற்றியதைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் வைத்தார். பிரித்தார். அவுரி நீலத்தில் புதிதாக வர்ணம் பூசிய இரும்பு ஃபிரேம். சயோ அதன் குழாயைத் தொடாமல், தொட ஆசைப்பட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அழகா இருக்கு மாமா."

"பெயிண்ட் புதுசும்மா," என்றார் கோகா. "உள்ள இருக்கறது பழசுதான்."

சயோ கொட்டகைக்குள் போய் ஒரு நூல்கண்டை எடுத்து வந்தாள். இது சைக்கிள்காரர்கள் வீட்டுப் பழக்கம். பின்சக்கரம் மாட்டுகிற இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்பக்கத் தலைக்குழாயைச் சுற்றி, மறு பக்கத்துக்குக் கொண்டுவந்து கட்டுவார்கள். நடுவில் நிற்கிற சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். விழுந்து வளைந்ததை நிமிர்த்தி வர்ணம் பூசியிருந்தால் நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் நூல் நுனியைப் பிரித்தபோது டெட்சுரோ கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"யார் கொண்டு வந்ததுக்கு நூல் பிடிக்கறே?"

"இல்லப்பா, சும்மா..."

"இருபது வருஷம் என் முதுகைப் பாத்துக்கிட்டவன்டி இவன். இவன் கொண்டு வந்ததை நீ நூல் வெச்சுச் சோதிக்கறியா? வீட்டுக்கு வந்தவனை இப்படியா அவமானப்படுத்துவே?"

அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பேச முடியாது. கெய்ரினில் ஒரே ஊர்க்காரர்கள் வரிசை கட்டி ஓட்டுவார்கள். முன்னால் போகிறவன் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வான், பின்னால் இருப்பவன் வேறு யாரும் தாண்டிப் போகாமல் அவன் முதுகைக் காப்பான். டெட்சுரோ முன்னால், கோகா பின்னால். வரிசைக்காரனைச் சந்தேகப்படுவது இவர்களிடையே திருட்டைவிடக் கேவலம்.

"மன்னிச்சுக்குங்க மாமா," என்று சயோ குனிந்தாள்.

கோகா முகம் ஒரு மாதிரி ஆனது. "பாத்துக்கட்டுமே அண்ணே. பொண்ணு கேக்கறதுல என்ன தப்பு..."

"டீ ஆறுது, குடி."

கோகா குடித்தார். சயோ இரண்டு கையாலும் நீட்டிய பண உறையை வாங்க அவர் கை வரவில்லை. டெட்சுரோவைப் பார்த்தார். டெட்சுரோ தலையசைத்ததும் வாங்கிச் சட்டைப் பையில் மடித்துத் திணித்துக்கொண்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். வாசல்வரை போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புகிற மனிதர் அன்று சொல்லிக்கொள்ளவே இல்லை.

ஹட்சுமி இதை எல்லாம் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'வெட்கப்படறான், நல்ல மனுஷன்' என்று நினைத்துக்கொண்டாள். நல்லவர்களைப் பற்றி நினைக்கும்போது நாம் எவ்வளவு சோம்பேறிகள் பாருங்கள்.

*

கொட்டகையில் சயோ வேலையைத் தொடங்கினாள்.

குழாயின் உள்மரையைத் துணியால் துடைத்தாள். கிரீஸ் தடவி அச்சைப் பூட்டினாள். முன் ஃபோர்க்கைச் செருகி, உருளைகள் கடகடக்காமல், இறுக்கமும் இல்லாமல், விரலால் தள்ளினால் தானாகத் திரும்புகிற பதத்துக்குக் கொண்டுவந்தாள். இந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பெடல் சுற்றுகிறவரை சக்கரம் சுற்றும். கால்தான் வேகம், கால்தான் பிரேக். ஒரு மரை தளர்ந்தால் பிழைப்பது கஷ்டம்.

அம்மா சின்னப் பாத்திரத்தில் கோழிக்கறியையும் மூங்கில் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள். மாலைக்குள் கடைக்குக் கொடுக்க வேண்டியது. ஒரு குச்சி குத்துவாள், ஒரு தடவை மகளைப் பார்ப்பாள்.

"மூக்குல கிரீஸ்."

"இருக்கட்டும்மா."

"இதோட ரயில்ல போனா பக்கத்துல யாரும் உக்காரமாட்டாங்க."

"நல்லதுதானே. காலை நீட்டிக்கலாம்."

அப்பாவும் வந்தார். அதுதான் ஆச்சரியம். கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, ஸ்பானரை அவள் கையிலிருந்து வாங்கி, பின்சக்கரப் பல்லைப் பூட்டுகிற வளையத்தை எதிர்த்திசையில் ஒரு அழுத்து அழுத்தினார்.

"இது தளர்ந்தா உன் கால் சுத்தும், சக்கரம் சுத்தாது. தெரியுதா?"

"தெரியுதுப்பா."

சீட்டின் முனையில் தன் முழங்கையை வைத்து விரல்நுனி கைப்பிடியைத் தொடுகிறதா என்று பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து அவள் முழங்கையை வைத்தார். சீட்டை ஒரு விரல் பின்னால் தள்ளினார். மெல்ல விசிலடித்தார்.

அந்த விசிலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று ஹட்சுமி நினைத்தாள். பதிவிலிருந்து பெயரை எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் விசில் இல்லை. மகள் பக்கத்தில் குனிந்து நின்ற கணவரைப் பார்த்து அவள் குச்சி குத்துவதை மறந்தாள். பெயரை எடுத்தாலும் மனிதனுக்குள் இருந்ததை எடுக்க முடியவில்லை என்று சந்தோஷப்பட்டாள். பாவம்.

மதியம் சயோ சங்கிலி வாங்கக் கடைக்கு ஓடினாள். வாங்கி வைத்திருந்த சங்கிலி ஒரு கண்ணி குறைந்து போயிற்று. டெட்சுரோ வீட்டுக்கு முன்னால் சலவைக் கடை வேனைக் கழுவப் போனார்.

கொட்டகையில் ஹட்சுமியும் சைக்கிளும் மட்டும் இருந்தார்கள்.

தான் ஒட்டிய டயர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் எழுந்தாள். பின்பக்கம் குனிந்து பார்த்தாள். சக்கரம் அச்சில் நேராகத்தான் இருந்தது. ஆனால் டயருக்கும் குழாய்க்கும் நடுவில் வலது பக்கம் விரல் போனது, இடது பக்கம் போகவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். டயரில் ஆட்டம் இல்லை, அவள் ஒட்டியதில் குறை இல்லை.

வர்ணம் பூசிய பெரிய குழாயின் அடியில், தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கட்டைவிரலை வைத்துத் தடவினாள். பார்த்தால் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது. வழவழப்பான இரும்பில் ஒரு சின்ன மேடு, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். நேருக்கு நேர் எதிலோ மோதிய சைக்கிளுக்கு அங்கேதான் வளையும்.

டெட்சுரோ மேஜைமேல் போட்டுவிட்டுப் போன நூல்கண்டு அங்கேயே கிடந்தது.

அவள் கட்டினாள். தலையைச் சுற்றிக் கொண்டுவந்து மறு பக்கம் கட்டினாள். அளக்க ஒன்றும் இல்லை, கையில் கறிக்குச்சி இருந்தது. சீட்டுக் குழாயில் குச்சி முனையை முட்டவைத்து, நூல் தொட்ட இடத்தில் நகத்தால் கீறினாள். அதே குச்சியை மறு பக்கம் கொண்டுபோய் வைத்தாள். நூல் கீறலைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு கோழித்துண்டு வைக்கலாம் போல இருந்தது.

நூலை அவிழ்த்தாள். குச்சி கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

*

"அந்த ஃபிரேம் வளைஞ்சிருக்குங்க," என்றாள்.

டெட்சுரோ வேன் கூரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கோகா உங்களை ஏமாத்திட்டாரு. இப்பவே ஃபோன் போடுங்க."

தண்ணீர் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பந்தயத்துக்குப் போகும்போது வீட்டை விட்டுப் போய், நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, ஃபோன்கூட இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்புகிற மனிதரோடு வாழ்ந்தவள் அவள். அவர் சொல்லாததை முதுகிலிருந்து படித்துப் பழகியவள். அந்த முதுகைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"கோகா சொல்லத்தான் செஞ்சான். நிமித்தினது, வேகத்துல தாங்காதுன்னு. வாசல்ல அழகுக்குத் தொங்கவிட வெச்சிருந்தான்."

"நீங்க?"

"நான் கொண்டு வரச் சொன்னேன்."

"ஏன்?"

அவர் குழாயை மூடினார். "ஏன்னா? இடது பக்கம் இழுக்கும். நேரம் கூட ஆகும். இனாடோமி வேண்டாம்னு தலையாட்டிட்டுப் போயிடுவா. இவளும் நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு ஃபாக்டரியில சேந்துடுவா. யாருக்கு என்ன நஷ்டம்?"

"டிராக் வளைவுச் சரிவுல ஏறும்போது உடைஞ்சா?"

"ஒரு சுத்துக்கு உடையாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? விழுந்தா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? கழுத்தெலும்பு போனப்பல்லாம் நீதானே சோறு ஊட்டினே. அந்தப் பொழப்பு இவளுக்கு எதுக்கு? பயமா இருக்கு ஹட்சுமி. பெத்தவன் பயப்படக்கூடாதா?"

குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. ஆனால் அவர் கை மகளிடமிருந்து நூலைப் பிடுங்கியதை ஹட்சுமி பார்த்திருந்தாள்.

"பயப்படறவரு நேரான ஃபிரேமைக் கொடுத்துட்டுப் பயப்படுவாரு," என்றாள். "அவ விழுந்துடுவாளோன்னு உங்களுக்குப் பயமில்ல. விழாம போயிடுவாளோன்னு பயம். உங்க பேரை எடுத்த எடத்துல அவ பேரு ஏறிடுமோன்னு பயம்."

இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் அடிபட்டவர் போல வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். மறுத்துச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். மறுக்கவில்லை.

"நான் போய் அவகிட்டச் சொல்றேன்," என்று திரும்பினாள்.

"நானே சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க."

"டிராக்குல சொல்றேன். ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். இனாடோமிகிட்டயும் நானே பேசி இன்னொரு நாள் கேக்கறேன். என் வாயால சொல்ல விடு ஹட்சுமி. அதையாவது விடு."

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் நம்பினாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். இத்தனை காலம் ஒருவரோடு குடித்தனம் செய்துவிட்டு, அவர் ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்று கேட்கும்போது யாரால் மறுக்க முடியும்?

*

சாயங்காலம் டிராக்கில் பயிற்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சாக்கே கடைக்காரர் மகன் வேலியில் சாய்ந்து நின்று, "வாத்தியாரே, வணக்கம்" என்றான். இன்னும் சிலரும் சொன்னார்கள். டெட்சுரோ தலையசைத்துக்கொண்டே இனாடோமியிடம் போனார்.

ஹட்சுமி பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சயோ காலணி வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் அவுரி நீலச் சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது. எதுவும் தெரியாதவர்களுக்கு அழகான சைக்கிள்.

"அப்பா வண்டியில ஏதாவது சொன்னாரா?" என்று ஹட்சுமி கேட்டாள். ரயிலில் வருவதாக இருந்த சயோ சைக்கிளோடு அப்பா வேனில் வந்துவிட்டாள்; ஹட்சுமிதான் கடையில் கறிக்குச்சிகளைக் கொடுத்துவிட்டுத் தனியாக ரயிலில் வந்தவள்.

"சொன்னாரே."

"என்ன சொன்னாரு?"

"சீட்டு உயரம் சரியா இருக்கான்னு கேட்டாரு."

ஹட்சுமி மகள் பக்கம் திரும்பினாள். "சயோ, நான் சொல்றதைக் கேளு. அந்த ஃபிரேம்..."

சயோ ஜாக்கெட் பையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்து அம்மா மடியில் வைத்தாள். நகத்தால் கீறின குச்சி.

"கொட்டகையில கெடந்துச்சு. பக்கத்துல நூலும் கசங்கிக் கெடந்துச்சு. நானும் பிடிச்சுப் பாத்தேன்."

அம்மா குச்சியின் கீறலைத் தடவினாள்.

"கோகா மாமா ஏமாத்திட்டாருன்னுதான் முதல்ல நெனச்சேன். கோவமா வந்துச்சு. அப்புறம்தான் அப்பா நூலைப் பிடுங்கினது ஞாபகம் வந்துச்சு." சயோ வாரை இன்னொரு முறை இறுக்கினாள். "அவருக்குத் தெரியும் இல்லம்மா?"

"ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்னாரு. சத்தியமா சொன்னாரு."

"அப்படியா. அப்ப நல்லது. நான் அவரைத்தான் பிடிக்கச் சொல்லப் போறேன்."

நின்ற இடத்திலிருந்து புறப்படுகிற ஓட்டத்துக்கு ஒரு ஆள் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் இரண்டும் பெடலில் கட்டப்பட்டிருக்கும், ஓட்டுகிறவர் தானாக நிற்க முடியாது. எண்ணி முடித்ததும் பிடித்தவர் கையை எடுக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் சைக்கிள் நகராது.

ஹட்சுமிக்குப் புரிந்தது. "வேண்டாம்டி. இப்பவே இனாடோமிகிட்டச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவோம்."

"வேகமா போக மாட்டேம்மா. சரிவுல ஏற மாட்டேன். உள்பக்கம் சமதளத்துலயே உருட்டிட்டு வந்துடுவேன். உன் மேல சத்தியம்."

"அப்ப எதுக்கு ஏறணும்?"

"எனக்குத் தெரியணும்."

அம்மா தடுத்திருக்கலாம். எழுந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவள் கொடுக்கவில்லை. மகளுக்குத் தெரிய வேண்டியது எதுவோ அது தனக்கும் தெரிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒரு தாய் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம்.

"அப்பா," என்று சயோ கூப்பிட்டாள். "நீங்க பிடிங்க."

டெட்சுரோ திரும்பிப் பார்த்தார். "சாக்கே கடைப் பையன் பிடிப்பான்."

"நீங்க பிடிங்கப்பா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வந்தார். சயோ ஏறி உட்கார்ந்து கால்களைக் கட்டிக்கொண்டாள். அவர் பின்னால் நின்று சீட்டின் கீழே கைகொடுத்துப் பிடித்தார். சைக்கிள் ஆடாமல் அசையாமல் நின்றது. பிடிப்பதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

இனாடோமி கோட்டருகே கடிகாரத்தோடு நின்றாள்.

"பிடிச்சிருக்கீங்களாப்பா?"

"பிடிச்சிருக்கேன்."

"எனக்கு ஏதாவது சொல்லணுமா?" சயோ முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சொல்லணும்னா இப்பச் சொல்லுங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் ஹட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு அவளுக்குக் கேட்டது. கணவர் முகமும் தெரிந்தது. அவர் இனாடோமியைப் பார்த்தார். வேலியோரம் நின்ற பையன்களைப் பார்த்தார். வாய் ஒருமுறை திறந்தது. சொல்லுங்க, சொல்லிடுங்க என்று அவள் தன்னையறியாமல் முணுமுணுத்தாள். சொன்னால் எல்லோர் முன்னாலும் தலைகுனிவுதான். ஆனால் அவ்வளவுதானே.

"தோளைத் தளத்திக்கோ," என்றார் டெட்சுரோ.

சயோ தோளைத் தளர்த்திக்கொண்டாள்.

இனாடோமி எண்ண ஆரம்பித்தாள். ஐந்திலிருந்து கீழே எண்ணினாள். டெட்சுரோவின் முழங்கை விறைத்தது. ஒருகணம் அவர் விடமாட்டார் என்றே ஹட்சுமிக்குத் தோன்றியது. அவள் கம்பியை விட்டுவிட்டுக் கைகூப்பினாள்.

எண்ணி முடிந்தது. அவர் விட்டார். தள்ளாமல், இழுக்காமல், ஒரு குருவுக்குரிய சுத்தத்தோடு விட்டார்.

சயோ போனாள். சமதளத்தில், காய்கறி வாங்கப் போகிறவள் போல, ஒரே சீராக உருட்டிக்கொண்டு போனாள். வேலியோரம் சிலர் சிரித்தார்கள். அவள் முழுச் சுற்றையும் அப்படியே முடித்து, கால்களால் வேகத்தைக் குறைத்து, இனாடோமி பக்கத்தில் தூணைப் பிடித்து நின்றாள். டெட்சுரோ அதற்குள் வெளியே நடந்துவிட்டார்.

"என்னது இது?" என்றாள் இனாடோமி.

"ஃபிரேம் வளைஞ்சிருக்குக்கா."

"எப்பத் தெரிஞ்சுது?"

"மதியம்."

"தெரிஞ்சுமா சங்கிலியை மாட்டினே? தெரிஞ்சுமா இங்க கொண்டு வந்தே?"

"ஆமாக்கா."

"யாரு குடுத்தது?"

சயோ குனிந்து கால் வாரை அவிழ்த்தாள். கோகா பெயரையும் சொல்லவில்லை, அப்பா பெயரையும் சொல்லவில்லை. இனாடோமிக்கும் கண் இருக்கிறது, யார் பிடித்தார், யார் நடந்து போனார் என்று பார்த்தவள்தான். ஆனாலும் கடிகாரத்தைப் பையில் போட்டாள்.

"நான் உன் வேகத்தைப் பாக்க வரல. நீ எப்படிப் பூட்டியிருக்கேன்னு பாக்க வந்தேன். வளைஞ்சதுன்னு தெரிஞ்சே ஏறி உக்கார்றவ நாளைக்கு என் பின்னாலயும் அப்படியே வந்து உக்காருவா. என் பின்னால வர்றவளை நான் திரும்பிப் பாக்க முடியாது சயோ. உன் வீட்டுச் சண்டையை உன் வீட்டுல வெச்சுக்கோ. என்கிட்ட இனிமே வராதே."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

வெளியே டெட்சுரோ சலவைக் கடை வேனில் ஏறி இன்ஜினைப் போட்டுவிட்டார். ஒருமுறை ஹாரன் அடித்தார். கார் நிறுத்துமிடத்தின் மறுகோடியில் இன்னொரு வண்டி நின்றது. கோகாவின் வேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் வாங்கிய உறையை மற்றொரு கையில் பிடித்தபடி நின்றார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அதே சாம்பல் போர்வையில் சுற்றிய, இன்னொரு ஃபிரேம் போன்ற ஏதோ ஒன்று படுத்திருந்தது. எப்போது வந்தாரோ, வந்து எவ்வளவு நேரம் இறங்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தாரோ தெரியவில்லை.

சயோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலியருகே வந்தாள். மூக்கில் காலைக் கிரீஸ் இன்னும் இருந்தது. ஹட்சுமி முந்தானை இல்லாத தன் மேலங்கியின் ஓரத்தால் அதைத் துடைத்தாள்.

"இனாடோமி என்னடி சொன்னா?"

சயோ அம்மாவின் கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். மறுபடியும் ஹாரன் கேட்டது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

"அப்பா விட்டுட்டாரும்மா," என்றாள்.